பேரும் ஆளும்

ஓரிடத்தில் மனிதன் இருக்கின்றானா இல்லையா என்று அறிவதற்கும், இருக்கின்ற மனிதனின் உள்ளம் எந்நிலையில் உள்ளது என்று அறிவதற்கும் இன்று கருவிகள் செய்யப்பட்டிருக்கின்றன. சென்சர் என்று வழங்கும் இவ்வுணரிகள் பல வகையின. உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரைக் கொண்டு ஆள் நடமாட்டத்தைச் சொல்வது ஒன்று. ரேடார் அலையை அனுப்பி, மூச்சினால் மார்பு எழுந்து தாழ்வதைக்கூடக் கண்டுகொள்வது மற்றொன்று. விரல்ரேகையைப் பார்த்து, வந்தவர் இன்னார் என்று பதிவது வேறொன்று. தோலின் வியர்வையையும் நாடித் துடிப்பையும் முகச் சுளிப்பையும் குரலின் நடுக்கத்தையும் அளந்து, இவர் அஞ்சுகிறார், இவர் சினக்கிறார் என்று தீர்ப்புக் கூறப் புகுந்தவையும் உள.

இவற்றுள் எதனைத் தெரிவது என்பது பொறியியலாரின் கேள்வி என்றே பலர் எண்ணுகின்றனர். விலை என்ன, துல்லியம் எவ்வளவு, மழையிலும் பனியிலும் இயங்குமா என்று கேட்பதோடு அவர்களது ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் இது சரித்திரத்தின் கேள்வியுமாகும். ஆள் இருப்பதை அறிய வேண்டிய தேவை யாருக்கு ஏற்பட்டது? அறிந்து அவர் செய்தது என்ன? எதனை அறிய அவர் விரும்பவில்லை? இவற்றுக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தலவாக்கலையைச் சூழ்ந்த மலைகளின் வரலாறே போதும். கோப்பிக் காலந்தொட்டு இன்றுவரை, மனிதரை எண்ணுவதற்கு எத்தனையோ கருவிகள் மலையகத் தோட்டங்களில் வந்து போயிருக்கின்றன.

தப்பும் பெரட்டும்

மலையகத்தில் ஆளறிவதற்கு எழுந்த பழைய கருவி தப்பு. விடியுமுன் லய வரிசைகளின் எதிரே தப்பொலி முழங்கும். உறக்கம் தெளிந்தோர் தேநீரைக் குடித்தும் குடியாமலும் பெரட்டுக்களத்துக்கு விரைவர். படைவீரரின் 'பரேட்' என்ற சொல்லே தோட்டத்தார் நாவில் பெரட்டு எனத் திரிந்தது என்பர். வரிசையில் நின்றோரைக் கங்காணி எண்ணுவார், கணக்கப்பிள்ளை குறிப்பார், துரை மேற்பார்வை செய்வார். இன்ன மலைக்கு இத்தனை ஆள் என்று பிரித்து அனுப்பியபின், அன்றைய எண்ணிக்கை செக்ரோல் என்னும் பதிவேட்டில் ஏறும்.

இவ்வெண்ணிக்கையில் எண்ணுபவருக்கும் ஆதாயம் இருந்தது. தம் கணக்கிலுள்ள ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கு, தலைக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு கொடுக்கப்பட்டது. ஆகவே காய்ச்சலில் படுத்தவரையும் பெரட்டுக்கு எழுப்பிவிடுவதில் அவருக்கு நேரடியான நாட்டம் ஏற்பட்டது. தலைக்கணக்கில் கூலி பெறும் ஒருவரை ஆளறியும் கருவியாக வைத்தால், அவர் தலையைத்தான் எண்ணுவார். அத்தலைக்குக் காய்ச்சல் உண்டா என்று கேட்கமாட்டார்.

செக்ரோலில் விழும் குறிக்குத் தோட்டத்து மக்கள் வழங்கும் சொல் 'பேர்' என்பதாகும். ஒரு நாள் முழுவதும் வேலை செய்தால் ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து கொய்யாவிடின் அரைப் பேர். பெயர் என்ற சொல்லுக்கு ஒருவரைக் குறிக்கும் சொல் என்றும் புகழ் என்றும் பொருள் கண்ட நம் மொழி, தோட்டத்தில் ஒரு நாட்கூலி என்ற பொருளையும் அதற்குத் தரவேண்டி வந்தது. இலக்கணம் பயின்றோர் இதனை ஒருவகை ஆகுபெயர் என்று கூறி அமையலாம். ஆனால், முழு மனிதர் ஒருவர் காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தும் மாலையில் அவருக்கு அரைப் பேர்தான் என்று எழுதப்படுவது, இலக்கணத்தின் எல்லைக்குள் அடங்கும் செய்தியன்று.

இருப்பதை எண்ணியது போலவே, இல்லாமையைத் தண்டிக்கவும் ஏற்பாடு இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு அகல்வதைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு உரியதாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை வந்தது. தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும், எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அவ்வெண்ணைக் கண்டு, ஊரும் பேரும் வினவாமலே அவரைத் தோட்டத்தில் கொண்டுசேர்க்க முடிந்தது.

தோட்டத்துக்குள் வந்தபின் 'துண்டு' என்னும் சீட்டு அவரைக் கட்டியது. இன்னாரின் பேரிலுள்ள கடன் தீர்க்கப்படின் அவரை விடுவிப்போம் என்று துரை எழுதித் தருவதே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. ஆள் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் போகவில்லை. அவர் பேரிலிருந்த கடன்தான் போயிற்று, ஆள் அதன் பின்னே நடந்தார் எனலாம். இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டில்.

கொழுந்துக்கு ஒரு கருவி, கொய்தவருக்கு ஒரு கருவி

தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் தேயிலைச் செடியின் நோயையும் மண்ணின் சத்தையும் கொழுந்தின் பக்குவத்தையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது. அதன் அறிவியற் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் ஓர் ஒப்புமையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் மாடத்தில் உலர்குமிழும் ஈரக்குமிழும் கொண்ட வெப்பமானி தொங்குகிறது. காற்றின் ஈரம் சற்றே கூடினாலும் அறிந்து, காற்றாடியின் ஓட்டத்தை மாற்றிவிடுவர். பறித்த இலை வாடிய அளவு என்ன, நொதித்த அளவு என்ன என்று நாழிகைதோறும் பார்ப்பர். அவ்விலையைப் பறித்த கையின் குளிரை அளக்க எக்கருவி வைக்கப்பட்டது? அட்டைக் கடியும் பனிக்குளிரும் நனைந்த படங்கும் எந்த ஏட்டில் பதிவாயின?

கொழுந்து பறித்தவருக்கென்று இருந்த கருவி தராசு ஒன்றே. அதுவும் அவர் சுமந்து வந்த கூடையை அறியுமேயன்றி அவரை அறியாது. கொழுந்தின் ஈரத்துக்கென்றும் கூடையின் பாரத்துக்கென்றும் நிறையைக் கழிக்கும் வழக்கம் தோட்டத்து மக்களின் நெடுங்கால முறைப்பாடுகளுள் ஒன்று. மழையில் நனைந்த இலைக்கு நிறை கழிப்பதற்குத் தராசு அறியும். அதே மழையில் நனைந்த உடலுக்குக் கூட்டுவதற்கு அறியாது.

வருகையே கூலியின் ஒரு பகுதியாக்கப்பட்ட காலமும் உண்டு. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கு 730 ரூபா என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. எஞ்சியதில் 30 ரூபா விலைப் பங்குக் கொடுப்பனவு. 140 ரூபா உற்பத்தித்திறனுக்கு. 60 ரூபா வருகைக்கு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 பங்கு வராதவருக்கு அந்த 60 ரூபா இல்லை. நோயில் வீழ்ந்த பிள்ளையைப் பார்த்திருந்த தாயும் வேறு காரணத்தால் வராதவரும் அக்கணக்கில் ஒன்றே. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வருகை, உற்பத்தித்திறன் கொடுப்பனவுகள் நீக்கப்பட்டன. எனினும் வந்தாரா, வரவில்லையா என்ற ஒரே கேள்வியால் மனிதரை அளக்கும் பழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அது சான்றாகும்.

நாள்தோறும் எண்ணப்பட்டோர், நாட்டில் இல்லாதோர்

இங்கே சரித்திரம் ஒரு முரண்பாட்டை நம் முன் வைக்கிறது. உலகில் மலையகத் தொழிலாளரைப் போல் நாள் தவறாது எண்ணப்பட்ட மக்கள் மிகச் சிலரே இருப்பர். விடியலில் ஒரு தடவை, நிறுவையின்போது மறுபடியும், மாலையில் இன்னொரு தடவை என்று பாட்டன் காலந்தொட்டு அவர்கள் பதியப்பட்டு வந்தனர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, நீங்கள் இந்நாட்டில் இருந்தீர்கள் என்பதற்குச் சான்று என்ன என்று அவர்களையே கேட்டனர். தந்தை இத்தீவில் பிறந்தார் என்றேனும், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றேனும் காட்டவேண்டியதாயிற்று. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தோரின் பிறப்புக்குப் பத்திரம் தேடிப் பிள்ளைகள் அலைந்தனர்.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் இடையீடின்றி இங்கே வாழ்ந்ததைக் காட்டினால் பிரஜையாகலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு தீர்மானிக்கப்பட வேண்டியோர் என்று பங்கிட்டது. எண்ணப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. நாடற்றோர் என்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் அவர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் அவ்வாண்டு வென்ற எழுவருள் ஒருவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது வாக்காளர் பட்டியலிலிருந்து மக்கள் நீக்கப்பட்டிருந்தமையால் அவ்வெழுவரின் இடத்தில் ஒருவரும் தெரிவாகவில்லை. ஐந்தே ஆண்டில் ஒரு தொகுதி மக்கள் மாயமாய் மறைந்தனரோ? பெரட்டுக்களத்தில் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தனர். தப்பு முழங்கிக்கொண்டுதான் இருந்தது. கருவி பழுதுபட்டதால் அவர்கள் காணாமற்போகவில்லை. கூலிக்கணக்குக்கு வேண்டிய மனிதர், வாக்குக் கணக்குக்கு வேண்டாதவர் ஆனமையே காரணம்.

உள்ளத்தை அறிந்தவர் யார்?

இனி, உள்ளத்தை அறியும் செய்திக்கு வருவோம். தோட்டத்தின் மனநிலையை அறியத் துரைத்தனத்துக்கு இருந்த செவி கங்காணியே. அச்செவி வழியே தொழிலாளர் மனநிறைவோடு இருக்கின்றனர் என்ற செய்தி பங்களாவுக்குப் போகும். ஒருநாள் வேலைநிறுத்தம் வெடிக்கும்போது, இது வெளியார் தூண்டுதல் என்று விளக்கம் வரும். 1937ஆம் ஆண்டில் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலிய இளைஞரைத் தேசாதிபதி நாடுகடத்த முயன்றதும், உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்ததும் நாடறிந்த வரலாறு. சினத்துக்குக் காரணம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு எழவில்லை. 1940 சனவரியில் ஊதிய உயர்வு கேட்டு எழுந்த முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில், பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி இரையானார்.

மக்களின் உள்ளத்தை மெய்யாகவே அறிய விரும்பியோர் வேறு வழியை நாடினர். கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் கோலத்தில் லயங்களுக்குள் சென்று அம்மக்களின் துயரைக் கேட்டறிந்தார் என்பது நாம் அறிந்த செய்தி. 1931ஆம் ஆண்டில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடி அவர்களைத் தட்டியெழுப்பினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் வாய்வழி வழங்கிய பாடல்களைத் திரட்டி 1983ஆம் ஆண்டில் நூலாக்கினார். செக்ரோலில் ஏறாத தாலாட்டும் ஒப்பாரியும் கேலியும் சாபமும் அங்கேதான் பதிவாயின. இம்மூவரும் கேட்டனர், அளக்கவில்லை.

தமிழ் பயின்றோருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. உள்ளத்து நிகழ்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தது. ஆனால் அவ்வாசிரியர் முகக்குறிகளை மட்டும் பட்டியலிட்டு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அழுகைக்குரிய நான்கனுள் வறுமையும் ஒன்று. அச்சத்துக்குரியவற்றுள் விலங்கோடும் கள்வரோடும் தம்மை ஆளும் இறைவனும் எண்ணப்படுகிறான். வெகுளிக்குரியவற்றுள் குடிமக்களை நலிதல் இடம்பெறுகிறது. காரணத்தை விலக்கிவிட்டுக் குறியை மட்டும் காண்பது மெய்ப்பாட்டை அறிந்ததாகாது என்பதே இதன் பொருள். இவ்வியலின் முடிவில், கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரவல்ல உணர்வுடையோர்க்கன்றி மற்றையோர்க்கு இப்பொருள் அரிது என்ற கருத்தும் கூறப்பட்டுள்ளது.

மேல்நாட்டில் இத்துறை வேறு வழியில் வளர்ந்தது. 1872ஆம் ஆண்டில் டார்வின் மனித, விலங்கு உணர்ச்சி வெளிப்பாடு குறித்து நூல் எழுதினார். 1921ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லார்சன் என்பார் நாடியையும் மூச்சையும் ஒருங்கே பதியும் பொய்யறி கருவியை அமைத்தார். 1978ஆம் ஆண்டில் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தசைகளின் அசைவுகளுக்குக் குறியீடுகள் வகுத்தனர். 1997ஆம் ஆண்டில் ரோசலிண்ட் பிக்கார்டு உணர்ச்சியறியும் கணினி பற்றிய நூலை வெளியிட்டார். 2018ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சௌ நகரத்துப் பள்ளியொன்றில் மாணவர் முகங்களைப் படக்கருவி பார்த்து, யார் கவனிக்கிறார், யார் சலிப்படைகிறார் என்று குறித்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஆசிரியராகிய நாம் இச்செய்தியைக் கேட்டுச் சற்றே நிற்கவேண்டும். பசியோடு வந்த மாணவரின் முகத்தை அக்கருவி சலிப்பு என்றுதானே எழுதும்?

2019ஆம் ஆண்டில் லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய ஐவர் இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, முகக்குறி ஒன்றைக்கொண்டு உள்ளத்துணர்ச்சியை உறுதியாகக் கூற இயலாது என்று முடிவு கண்டனர். வியர்வையும் நாடியும் அவ்வாறே. கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலையில் ஏறும் பெண்ணின் நாடி விரைந்து துடிக்கும்; தோல் வியர்க்கும். கருவி அதனை அச்சம் என்றும் சொல்லலாம், வெகுளி என்றும் சொல்லலாம். அவள் ஒருகால் மகளின் பரீட்சைப் பேற்றை எண்ணி மகிழ்ந்துகொண்டும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கன்றி, வேலைத்தலத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய உணர்ச்சியறி கருவிகளை விலக்கியுள்ளது. அத்தடை 2025 பெப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது.

விரலும் வில்லையும்

தோட்டங்களுக்கு இப்பொழுது மின்னணுத் தராசும் விரல்ரேகைப் பதிவும் வந்துகொண்டிருக்கின்றன. மின்னணுத் தராசு நேர்மையாகப் பொருத்தப்படின் கணக்கப்பிள்ளையின் கைவண்ணத்துக்கு இடமில்லாமற் செய்யும். அதனை நாம் வரவேற்கவேண்டும். விரல்ரேகை குறித்துச் சிந்திக்கவேண்டியது அதிகம். 1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஒப்பந்தத்தில் கைப்பதிவு பெற்றதிலிருந்து, இம்முறை ஆளப்பட்டோர் மீதே முதலில் வளர்ந்தது. திரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் விரல்ரேகை பதிந்து பத்திரம் பெறவேண்டும் என்று விதித்தபோது, காந்தியடிகளோடு தம்பி நாயுடு முதலிய தமிழ்த் தொழிலாளரும் வணிகரும் மறுத்துச் சிறை புகுந்தனர். 1908 ஆகஸ்டில் ஜொகன்னஸ்பர்க்கில் பத்திரங்கள் தீயிலிடப்பட்டன. தம்மைக் குற்றவாளிகளாகக் கருதி எண்ணுவதையே அவர்கள் எதிர்த்தனர்.

தேயிலைக் கறையும் கவ்வாத்துக் கத்தியின் கீறலும் படிந்த விரலில் ரேகை தேய்வது இயல்பு. கருவி அவ்விரலை அறியாவிடின் அன்றைய பேர் யாருக்கு? உழைப்பினால் தேய்ந்த விரலை, உழைக்கவில்லை என்பதற்குச் சான்றாக்கும் கொடுமை நிகழலாகாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடற்குறித் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்துள்ளது. இதனை அறிந்து கேட்கும் ஆற்றல் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர்க்கும் வேண்டும்.

எதனைத் தெரிவது?

கருவியே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. 2015ஆம் ஆண்டு நேபாள நிலநடுக்கத்தில் இடிபாட்டின் கீழ்க் கிடந்த நால்வரின் இதயத்துடிப்பை ரேடார்க் கருவியொன்று கண்டு காட்டியது. அவர்கள் உயிரோடு மீட்கப்பட்டனர். மூச்சை அறியும் அதே நுட்பம் ஒருவரை வேவு பார்க்கவும் உதவும், ஒருவரைக் காக்கவும் உதவும்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. புதைந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நாளுக்கு நாள் வெவ்வேறு தொகைகள் கூறப்பட்டன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. செக்ரோல் வேலையாளை எண்ணும். அவரது மழலையையும் முதிய தாயையும் விருந்தாக வந்த உறவினரையும் எண்ணாது. ஆள் எண்ணுவதில் இத்துணை நீண்ட மரபுடைய ஒரு தோட்டத்தொழில், உயிரின் கணக்கு வேண்டப்பட்ட நாளில் விடையின்றி நின்றது. 2025 நவம்பரில் டித்வாப் புயல் மலைச்சரிவுகளைப் பிளந்தபோதும் மலையக மக்கள் அதே லயங்களில்தான் பெரும்பாலும் வாழ்ந்திருந்தனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பும், 150ஐத் தாண்டினால் வெளியேற்றமும் என்று அளவு வகுத்துள்ளது. ஒவ்வொரு லய வரிசையின் தலைமாட்டிலும் ஒரு மழைமானியும், அது கூறுவதைக் கேட்டு மக்கள் சென்று தங்கப் பாதுகாப்பான ஓரிடமும் அமைப்பது இன்றைய அறிவியலுக்கு அரிய செயலன்று. பணம் யார் கணக்கில் என்பதே தடை.

ஆகவே ஒரு கருவியைத் தெரியுமுன் நாம் கேட்கவேண்டியவை சில. அது சேர்க்கும் கணக்கு யார் கையில் இருக்கும்? எண்ணப்படுவோர் அக்கணக்கைப் பார்க்கவும் திருத்தவும் இயலுமா? கருவி தவறினால் நட்டம் யாருக்கு? அது காண மறுப்பது எதனை? ஓர் உள்ளத்தின் நிலையை அறியவேண்டுமாயின், அவ்வுள்ளத்துக்குரியவரை நேரே கேட்டால் ஆகாதா? இக்கேள்விகளுக்கு விடை தராத கருவி எத்துணைத் துல்லியமாயினும், அது பழைய தகர வில்லையின் புதிய வடிவமே.

நம் வகுப்பறைகளில் நாள்தோறும் வரவுப் பதிவேட்டை விரித்துப் பெயர் அழைக்கின்றோம். மலையகப் பிள்ளைகள் எழுந்து நின்று தம் இருப்பைச் சொல்கின்றனர். அப்பெயர்களை, அரைப் பேரென்றும் முழுப் பேரென்றும் பிரிக்க இயலாத மனிதப் பெயர்களாக ஒலிக்கக் கற்பிப்பதும், எண்ணப்படுவோராக இருந்த மக்கள் தம் கணக்கைத் தாமே கேட்போராக மாறத் துணைநிற்பதும் ஆசிரியரின் கடமையாகும். அக்கடமையைச் செய்யும் தலைமுறையே தனக்கு ஏற்ற கருவியையும் தெரிந்துகொள்ளும்.